காத்திருக்கும் குவார்ட்டர்பேக்

நேயர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

2017-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று, பிலடெல்ஃபியா நகரின் தென்கோடியில் இருக்கும் விளையாட்டரங்கிலிருந்து வடக்கே புறப்பட்ட பிராட் தெருச் சுரங்க ரயிலில், தோளோடு தோள் இடிபட நின்றுகொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். வேலையின் பொருட்டு அந்த நகரில் 12 ஆண்டுகள் வாழ்ந்த எனக்கு, அங்குள்ளோரைப் போலவே ஈகிள்ஸ் என்னும் அமெரிக்கக் கால்பந்து அணியின் வெற்றி தோல்வி வீட்டு விஷயமாகவே ஆகிவிட்டிருந்தது. எலும்பைத் துளைக்கும் குளிரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, எங்கள் அணி டல்லஸ் கவ்பாய்ஸ் அணியிடம் பூஜ்யத்துக்கு ஆறு என்ற கணக்கில் தோற்றதைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்தத் தோல்வியால் இழப்பு ஒன்றுமில்லை. அடுத்த சுற்றுகளுக்கு முதலிடம் பெற்ற அணியாக நாங்கள் ஏற்கெனவே தகுதி பெற்றிருந்தோம். ஆயினும் அந்தப் பெட்டியில் ஒரே ஒரு கேள்விதான் கொதித்துக்கொண்டிருந்தது: நிக் ஃபோல்ஸ் என்னும் இந்த மாற்று குவார்ட்டர்பேக்கை நம்பலாமா, கூடாதா?

அமெரிக்கக் கால்பந்தைப் பார்த்திராத நேயர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். அந்த ஆட்டத்தில் பந்தைக் காலால் உதைப்பது குறைவு. கையால் எறிவதும் ஏந்திக்கொண்டு ஓடுவதுமே மிகுதி. எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்ப்பதற்கு டச்டவுன் என்று பெயர். களத்தில் நிற்கும் 11 பேரில் குவார்ட்டர்பேக் ஒருவரின் கைக்குத்தான் ஏறத்தாழ ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வந்து சேரும். எதிரணியின் பெரிய உடம்புக்காரர்கள் தம்மை நோக்கிப் பாய்ந்து வருகையில், எவருக்கு எறிவது, எவரிடம் கொடுப்பது என்று இரண்டு மூன்று விநாடிகளுக்குள் அவர் முடிவெடுத்தாக வேண்டும். மற்ற இடங்களில் ஆட்டக்காரர்கள் மாறி மாறி இறங்குவார்கள். இந்த இடத்தில் அப்படியில்லை. கிரிக்கெட்டில் இரண்டாவது விக்கெட் கீப்பராக அணியோடு ஊர் ஊராகப் பயணம் செய்பவரின் நிலையை நேயர்கள் அறிவீர்கள்; முதலாமவருக்குக் காயம் பட்டாலன்றி இவருக்கு வேலை இல்லை. மாற்று குவார்ட்டர்பேக்கின் நிலையும் அதுவே.

இவ்விடத்தில், ரசிகர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் ஒன்றை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாற்று குவார்ட்டர்பேக்குக்கு ஆட்டம் மட்டுமல்ல, பயிற்சியும் கிடைப்பதில்லை. பருவம் தொடங்கிவிட்டால், வாரப் பயிற்சியில் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கான உத்திகளை முதன்மை குவார்ட்டர்பேக்தான் பழகுவார். மாற்றுக்காரரோ, தம் அணியின் தற்காப்புப் பிரிவுக்கு ஒத்திகையாக, அடுத்த வாரம் மோதவிருக்கும் எதிரணியின் குவார்ட்டர்பேக்கைப் போல நடித்து ஆடுவார். வாரம் முழுவதும் இன்னொருவரின் ஆட்டத்தை ஆடிவிட்டு, ஒரு நொடியில் தன் அணியின் ஆட்டத்தை ஆட இறங்க வேண்டும் என்றால் அது எத்தகைய பணி என்பதை எண்ணிப் பாருங்கள். இதை மீண்டும் சொல்கிறேன், ஏனெனில் பின்னால் நான் கூறப்போவதற்கெல்லாம் இதுவே அடிப்படை: அவர் பழகாத ஒன்றை ஆடுகிறார்.

அந்த ரயில் பெட்டிக்குத் திரும்புகிறேன். மூன்று வாரங்களுக்கு முன், டிசம்பர் 10 அன்று லாஸ் ஏஞ்சலஸில், அந்தப் பருவத்தில் 33 டச்டவுன்களுக்குப் பந்தெறிந்து சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கே பேசப்பட்ட எங்கள் முதன்மை குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸ் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறியிருந்தார். அவர் இடத்துக்கு வந்த ஃபோல்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு எதிராக நான்கு டச்டவுன்கள் எறிந்து நம்பிக்கை தந்தார். கிறிஸ்துமஸ் இரவில் ரெய்டர்ஸ் அணிக்கு எதிராகத் தடுமாறினார். அன்று டல்லஸுக்கு எதிராக ஏறத்தாழ ஒரு கால்பகுதி மட்டும் ஆடி, 11 எறிதல்களில் நான்கை மட்டுமே தம் அணியினர் கைக்குச் சேர்ப்பித்திருந்தார். அவருக்குப் பின் இறங்கிய மூன்றாமவரான நேட் சட்ஃபெல்ட், 23-இல் 19-ஐச் சேர்ப்பித்திருந்தார். என் அருகில் நின்ற இளைஞர் ஒருவர் இந்த 19-ஐயும் 23-ஐயும் மந்திரம் போலத் திரும்பத் திரும்பச் சொல்லி, இனி சட்ஃபெல்ட்தான் ஆட வேண்டும் என்று வாதாடினார். எதிரே நின்றவரோ, 2013-இல் இதே ஃபோல்ஸ் பருவம் முழுவதும் 27 டச்டவுன்கள் எறிந்து இரண்டே இரண்டு முறைதான் எறிந்த பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தார், ஓக்லண்டில் ஒரே ஆட்டத்தில் ஏழு டச்டவுன்கள் எறிந்து சாதனையைச் சமன் செய்தார், அதையெல்லாம் நகரம் மறந்துவிட்டதா என்று கேட்டார். மூலையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்த இருவரும் சேர்ந்து இன்று எடுத்த புள்ளிகள் எத்தனை?" என்று மட்டும் கேட்டார். பூஜ்யம் என்பது அனைவருக்கும் தெரியும். அடுத்த நிலையம் வரும்வரை பெட்டி அமைதியாக இருந்தது.

அந்த முதியவரின் கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்களே, மாற்று ஆட்டக்காரரைப் பற்றிய வாதங்களில் பெரும்பகுதி அதுதான். களத்தில் நிற்பவரின் குறைகளைக் கண்ணால் பார்க்கிறோம். வெளியே நிற்பவரின் திறமையை மனத்தால் கற்பனை செய்கிறோம். கண்ட குறையையும் காணாத நிறையையும் ஒரே தராசில் வைத்தால், காணாதது எப்போதும் கனமாகத்தான் இருக்கும்.

ஈகிள்ஸ் அணியின் நல்வாய்ப்பு, முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்கள் இந்த உண்மையைத் தம் வாழ்க்கையிலேயே அனுபவித்தவர்கள் என்பது. தலைமைப் பயிற்சியாளர் டக் பீடர்சன் தம் ஆட்ட வாழ்வின் பெரும்பகுதியை மாற்று குவார்ட்டர்பேக்காகவே கழித்தவர். 1999-இல் இதே பிலடெல்ஃபியாவில் பருவத்தின் முற்பகுதியில் முதன்மை இடத்தில் ஆடினார். அப்போது புதிதாக வந்து சேர்ந்திருந்த டானவன் மெக்னாப் இறங்கவேண்டும் என்று அரங்கமே அவருக்கு எதிராகக் கூச்சலிட்டது. தாக்குதல் பிரிவின் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக்கின் கதை இன்னும் வியப்புக்குரியது. நேரம் சிறிது கூடினாலும் அதைச் சொல்லியே தீர வேண்டும். 1984-இல் மேரிலண்ட் பல்கலைக்கழகத்துக்காக இடைவேளைக்குப் பின் மாற்றாக இறங்கியபோது, அவருடைய அணி மியாமியிடம் 31 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. 42-40 என்று வென்றது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1993 ஜனவரி 3 அன்று, பஃபலோ பில்ஸ் அணியின் முதன்மை குவார்ட்டர்பேக் ஜிம் கெல்லி காயத்தால் ஆடாத வெளியேற்றச் சுற்று ஆட்டத்தில், ஹூஸ்டன் ஆயிலர்ஸ் 35-3 என முன்னிலை பெற்றது. 32 புள்ளிகள். அரங்கிலிருந்து மக்கள் எழுந்து வீட்டுக்குப் போகத் தொடங்கினார்கள். ரைக் அதன்பின் நான்கு டச்டவுன்கள் எறிந்தார். கூடுதல் நேரத்தில் பில்ஸ் 41-38 என்று வென்றது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீகில் எந்த அணியும் அதைவிடப் பெரிய பின்னடைவிலிருந்து மீளவில்லை.

இப்படிப்பட்ட இருவர், டல்லஸ் ஆட்டம் முடிந்தபின் என்ன செய்தார்கள்? வென்ட்ஸுக்காக வகுத்த ஆட்டத்தை ஃபோல்ஸின் மேல் சுமத்துவதை விட்டுவிட்டு, ஃபோல்ஸ் எதை நன்றாக ஆடுவார் என்று பார்த்தார்கள். ஓடுவதா எறிவதா என்பதை எதிரணியின் ஒரு தற்காப்பாளரின் அசைவைப் பார்த்து அந்தக் கணத்தில் தீர்மானிக்கும் உத்திகளைக் கூட்டினார்கள். அவை அவருக்கு இயல்பாக வந்தன. முதலிடம் பெற்றதால் கிடைத்த ஓய்வு வாரத்தையும் சேர்த்து இரண்டு வாரங்கள், முதன்மை ஆட்டக்காரராக அவருக்குப் பயிற்சி கிடைத்தது. முன்பு நான் சொன்னதை நினைவில் கொள்ளுங்கள். பழகாத ஒன்றை ஆடியவர், இப்போது பழகிவிட்டு ஆடினார்.

அட்லாண்டாவை 15-10 என்றும், மினசோட்டாவை 38-7 என்றும் வென்றார்கள். மினசோட்டாவின் குவார்ட்டர்பேக் கேஸ் கீனமும் அந்தப் பருவத்தை மாற்றாகத் தொடங்கியவரே. 2018 பிப்ரவரி 4 அன்று மினியாபோலிஸில் நடந்த, லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில், 505 கெஜங்களுக்குப் பந்தெறிந்த நியூ இங்கிலண்ட் பேட்ரியட்ஸ் குவார்ட்டர்பேக் டாம் பிராடியை எதிர்த்து ஈகிள்ஸ் 41-33 என்று வென்றது. பிராடியும் 2001-இல் ட்ரூ பிளெட்சோவின் காயத்தால் மாற்றாக உள்ளே வந்தவர்தான் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. முதல் பாதி முடிய 38 விநாடிகள் இருந்தபோது, கோட்டுக்கு ஒரு கெஜ தூரத்தில், கடைசி முயற்சியில், மூன்று புள்ளிகளுக்கு உதைத்துவிட்டுப் போகலாம் என்ற நிலையில், ஃபோல்ஸ் ஓரக்கோட்டுக்கு வந்து ஒரு தந்திர ஆட்டத்தின் பெயரைச் சொல்லி ஆடலாமா என்று பீடர்சனிடம் கேட்டார். பீடர்சன் ஒரு கணம் யோசித்துவிட்டுச் சரி என்றார். பந்து ஃபோல்ஸைத் தாண்டி இன்னொருவரிடம் போய், அவரிடமிருந்து டிரே பர்ட்டனிடம் போய், பர்ட்டன் எறிய, ஓரமாக நழுவிச் சென்றிருந்த ஃபோல்ஸே அதைப் பிடித்தார். ஒரு மாற்று ஆட்டக்காரர் கேட்டார், முன்னாள் மாற்று ஆட்டக்காரர் இணங்கினார். அந்த இருவரும் பேசிக்கொண்டு நிற்கும் காட்சி இன்று சிலையாக அரங்குக்கு வெளியே நிற்கிறது.

இதோடு வாதம் முடிந்துவிட்டது என்று எண்ணுவீர்கள். முடியவில்லை. அடுத்த ஆண்டு வென்ட்ஸ் திரும்பியதும், நகரம் இரண்டாகப் பிரிந்தது. ஃபோல்ஸின் பக்கம் நின்று வாதாடியவர்கள், அவருடைய அந்த மூன்று வெளியேற்றச் சுற்று ஆட்டங்களில் 106-க்கு 77 எறிதல்கள் சேர்ந்தன என்பார்கள். வென்ட்ஸ் வயதில் இளையவர், நெருக்கடியில் தப்பி ஓடக்கூடியவர் என்பார்கள் மற்றவர்கள். நான் வென்ட்ஸின் பக்கமே நின்றேன். மூன்று ஆட்டங்களை வைத்து ஒருவரின் எதிர்காலத்தைக் கணிக்க முடியாது என்று அன்று நம்பினேன், இன்றும் நம்புகிறேன். 2019-இல் ஃபோல்ஸ் 8.8 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ஜாக்சன்வில் சென்று, முதல் ஆட்டத்திலேயே காறை எலும்பு முறிந்து வெளியேறினார். அங்கே அவருக்கு மாற்றாக வந்த கார்ட்னர் மின்ஷூவை அந்த ஊர் கொண்டாடியது. டிசம்பரில் ஃபோல்ஸை நிறுத்திவிட்டு மின்ஷூவை இறக்கினார்கள். வென்ட்ஸும் 2020-இல் ஜேலன் ஹர்ட்ஸுக்கு இடம் விட்டார்.

நேரம் நெருங்குவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். ஏர்ல் மோரலைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். மூன்று வாக்கியங்களில் சொல்லிவிடுகிறேன். 1972-இல் முதன்மை குவார்ட்டர்பேக் பாப் கிரீஸியின் கால் முறிந்தபோது, 38 வயதான மோரல் மியாமி டால்ஃபின்ஸ் அணியைத் தோல்வியின்றி நடத்திச் சென்றார். ஆனால் இறுதிக்கு முந்திய ஆட்டத்தின் இடைவேளையில் பயிற்சியாளர் டான் ஷூலா கிரீஸியை இறக்கினார், சூப்பர் பவுலிலும் கிரீஸியே ஆடினார். 17 ஆட்டங்களிலும் வென்ற அந்தப் பருவத்தில் பெரும்பாலான ஆட்டங்களைத் தொடங்கியவர் மோரல்தான்.

மூன்றாவது குவார்ட்டர்பேக் பற்றிய விதியும் எஞ்சியுள்ளது. 2023 ஜனவரியில் பிலடெல்ஃபியாவில் நடந்த ஆட்டத்தில் சான் பிரான்சிஸ்கோவின் முதலாமவருக்கு முழங்கையிலும், இரண்டாமவருக்குத் தலையிலும் அடிபட்டு, எறிய இயலாத முதலாமவரே மீண்டும் இறங்க நேர்ந்தது. அவ்வாண்டு மே மாதம், ஆட்டநாள் பட்டியலுக்கு வெளியே ஒரு மூன்றாமவரை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று லீக் விதி செய்தது. அந்த மூன்றாமவரும் வாரம் முழுவதும் பயிற்சியின்றியே காத்திருப்பார்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.