பேஸ், ட்ரெபிள்: நடுவிலிருந்து தொடங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வீடுகளில் இருக்கும் ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர்களைப் பார்த்துச் சரிசெய்து கொடுப்பது என் தொழில். சேலம் டவுனிலும் ஏற்காட்டிலும் என்னைக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: "சத்தம் நல்லா வருதுங்க, பாட்டு தெளிவா இல்லை." போய்ப் பார்த்தால் பேஸ், ட்ரெபிள் இரண்டு குமிழுமே வலது கோடியில் நிற்கும். இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் மற்ற வேலையைத் தொடங்குவேன்.

ஒலி ஒரு நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்ற அளவால் சொல்வார்கள். மனிதக் காது சுமாராக 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பேஸ் குமிழ் இதில் அடிப்பகுதியை மட்டும் தொடுகிறது. மிருதங்கத்தின் தொப்பி, தவிலின் தடி விழுகிற பக்கம், பேஸ் கிட்டார் எல்லாம் அங்கேதான். ட்ரெபிள் குமிழ் உச்சிப்பகுதியைத் தொடுகிறது. ஜால்ரா அங்கே இருக்கிறது, நம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசின் கிணுகிணுப்பும் அங்கேதான். பொதுவாக பேஸ் 100 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் ட்ரெபிள் 10,000 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் முழு வீச்சில் வேலை செய்யும். ஒலியின் அளவை டெசிபலில் சொல்வார்கள்; சுமார் 10 டெசிபல் கூட்டலாம், அதே அளவு குறைக்கலாம். 1952-ல் பீட்டர் பாக்ஸண்டால் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் இதற்கொரு சர்க்யூட்டை வெளியிட்டார். இன்றைக்கு ரேடியோ கடையில் மலிவாகக் கிடைக்கிற டோன் போர்டு வரைக்கும் அந்த வழிதான் தொடர்கிறது.

பாடுகிறவரின் குரலில் பெரும்பகுதி நடுவில் இருக்கிறது. இந்த இரண்டு குமிழும் அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. அடியையும் உச்சியையும் ஏற்றிவிட்டால் குரல் தானாகப் பின்னுக்குப் போய்விடும். தெளிவு வேண்டும் என்று ட்ரெபிளைத் திருப்புகிறோம், தாளம் வேண்டும் என்று பேஸைத் திருப்புகிறோம், கடைசியில் பாட்டின் வரியே காணாமல் போகிறது. சத்தம் 'தம்' என்று அடைத்தாற்போல் இருந்தால் ட்ரெபிளைக் கூட்டாதீர்கள், பேஸைக் குறைத்துப் பாருங்கள். பாதி வீடுகளில் அது ஒன்றே போதும்.

இன்னொரு விஷயம், மொபைலில் ஈக்வலைசர் (ஒலியின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் வசதி) போட்டு பேஸை ஏற்றி, அதே பாட்டை ப்ளூடூத்தில் ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பி, அங்கேயும் ஏற்றுகிறார்கள். மொபைலில் இருப்பதை அணைத்துவிடுங்கள். ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

அளவுக்கு மீறி பேஸ் ஏற்றினால் செலவும் வைக்கும். 10 டெசிபல் கூட்டுவது என்றால் அந்தப் பகுதிக்குப் பத்து மடங்கு பவர் வேண்டும். 4 வாட்ஸில் ஓடிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபையரிடம் பேஸ் அடி விழும்போதெல்லாம் 40 வாட்ஸ் கேட்கிறோம். அதனிடம் அவ்வளவு பவர் இல்லையென்றால் ஒலி அலையின் தலை மழுங்கி வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் புதிதாக உச்ச ஒலிகள் கிளம்பும், அவை நேராக ட்வீட்டருக்கு, அதாவது உச்ச ஒலிகளுக்கென்று பெட்டியில் இருக்கும் சின்ன ஸ்பீக்கருக்கு, போய்ச் சேரும். ட்வீட்டரின் சுருளில் இருப்பது மயிரிழை போன்ற கம்பி, தாங்காமல் எரிந்துவிடும். திருப்பினது பேஸ், போனது ட்வீட்டர் என்பதை வாடிக்கையாளருக்குப் புரியவைக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் வாட்ஸ் அச்சடித்திருப்பதை நம்பி இறங்காதீர்கள்.

பேஸ் வரவே இல்லை என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் முதலில் ஒயரைத்தான் பார்ப்பேன். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றுக்கு மட்டும் சிவப்பும் கருப்பும் மாறியிருந்தால், ஒரு ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். அடி ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும், பேஸ் குமிழை எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை. சோதிக்க ஒரு சாதாரண 1.5 வோல்ட் செல் போதும். செட்டை அணைத்து, ஸ்பீக்கர் ஒயரை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றி, செல்லின் பிளஸ்ஸைச் சிவப்பிலும் மைனஸைக் கருப்பிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். 'டப்' என்று சின்னச் சத்தம் வரும், பெரிய ஸ்பீக்கரின் கூம்பு நகர்வது கண்ணுக்கே தெரியும். இரண்டு பெட்டியிலும் அது ஒரே பக்கம் நகர வேண்டும்.

அடுத்தது பெட்டி வைக்கிற இடம். அறை மூலையில் ஒட்டி வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து பேஸை ஊதிப் பெருக்கும். ஓர் ஒன்றரை அடி முன்னால் இழுங்கள். ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் புதிதாகக் கட்டுகிற வீடுகளில் கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, வெறும் சுவர். கை தட்டினாலே 'கிண்'ணென்று திரும்பி வரும். அந்த அறையில் ட்ரெபிளை நடுவுக்குக் கொஞ்சம் கீழே வைக்கலாம், இல்லாவிட்டால் கனமான திரை போட்டு, தரையில் ஜமுக்காளம் விரித்துப் பாருங்கள். ஏற்காட்டில் பழைய எஸ்டேட் பங்களாக்கள் நேர்மாறு: பலகைத் தரை, ஓட்டுக்கூரை, பெரிய ஜன்னல்கள். பேஸ் அந்தப் பலகையிலும் ஜன்னல் வழியாகவும் போய்விடுவதால், அங்கே பேஸ் குமிழை ஒரு கோடு ஏற்றுவதில் தவறில்லை.

ராத்திரி மெதுவாக வைத்துக் கேட்கும்போதும் அப்படித்தான். சத்தம் குறையும்போது காது அடி ஒலிகளைத்தான் முதலில் தவறவிடும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து வெளியிட்டார்கள். பழைய செட்டுகளில் 'லவுட்னஸ்' என்றொரு பட்டன் இருக்குமே, அது இதற்காகத்தான். சத்தத்தைக் கூட்டும்போது அதை அணைக்க மறந்துவிடாதீர்கள்.

ஏற்காடு சாலையில் வளைவு மட்டும் மிஞ்சி நிற்கிறதே, அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ காலத்துப் பாட்டுகளைக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அன்றைய பதிவுகளில் உச்ச ஒலி மிகக் குறைவு. ட்ரெபிளை ஏற்றினால் 'உஸ்' இரைச்சல்தான் கூடும். சற்று இறக்கினால் குரல் முன்னால் வந்து நிற்கும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அம்மாபேட்டையில் ஒரு நெசவாளர் வீடு. பெரியவர் வாழ்நாள் முழுக்க விசைத்தறியில் நின்றவர். சாயங்காலம் பாட்டுக் கேட்க உட்கார்ந்தால் ட்ரெபிளை முழுக்க ஏற்றுவார். பேத்தி வந்து, "தாத்தா, காது கூசுது" என்று இறக்குவாள். இது தினமும் நடக்கும். என்னிடம் அவர் சொன்னது: "பாட்டு கேக்குது தம்பி, வார்த்தைதான் புரியமாட்டேங்குது."

தறிச் சத்தத்தில் வருஷக்கணக்கில் நின்றவர்களுக்குக் காது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் முதலில் மங்குகிறது. ச, த, க போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் ஒலிகள் அதைச் சுற்றித்தான் இருக்கின்றன. ஆகவே பெரியவர் கேட்டது நியாயம். ஆனால் ட்ரெபிள் குமிழ் 4,000-ல் கொஞ்சம்தான் கூட்டும், 10,000-ல்தான் முழுதாகக் கூட்டும். அவருக்கு வேண்டியது கொஞ்சம் கிடைக்கிறது, வேண்டாததெல்லாம் பேத்தியின் காதில் குத்துகிறது.

நான் செய்தது இவ்வளவுதான். அடி ஒலி பலமாக இருந்தால் மேல் ஒலிகளை மறைக்கும், அதனால் பேஸை நடுவுக்கும் கீழே இறக்கினேன். ட்ரெபிளை நடுவுக்கு மேல் ஒரு கோடு மட்டும் விட்டேன். ஒரு ஸ்பீக்கரை அவர் கட்டிலுக்கு நாலடி தூரத்தில், காது உயரத்துக்குத் திருப்பி வைத்தேன். பக்கத்தில் இருந்தால் சுவரில் பட்டுத் திரும்புகிற சத்தத்தை விட நேராக வருவது மிகுந்திருக்கும், வார்த்தை பிடிபடும். வால்யூமையும் குறைக்க முடிந்தது. அவர் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு பாட்டுக் கேட்டார், பேத்தி குமிழ் பக்கம் போகவில்லை.

சேலத்தில் குகை, அம்மாபேட்டைப் பக்கம் இப்படிப் பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வீட்டில் யாராவது ட்ரெபிளை ஏற்றிக்கொண்டே போனால் செட்டைக் குறை சொல்லுமுன் அவர்களை அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். தறியில் இன்று நிற்கிற தம்பிகளே, தங்கைகளே, காதடைப்பான் மருந்துக்கடையில் கிடைக்கிறது, விலை அதிகமில்லை. தறிக்கூடத்துக்குள் நுழையும்போதே போட்டுக்கொள்ளுங்கள். தறிச் சத்தத்தில் போன கேட்கும் திறனை எந்த ஆம்ப்ளிஃபையராலும் என்னால் திருப்பித் தர முடியாது.

வணக்கம்.