குழாய் வந்த ஊரில் ஊருணி எதற்கு?

(புதிய மேல்நிலைத் தொட்டித் திறப்பு விழாவில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய பேரூராட்சித் தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, வார்டு உறுப்பினர்களே, நகரச் சிவன் கோயில் காரியக்காரர் ஐயா அவர்களே, குடிநீர் வாரியத்துப் பொறியாளர் அவர்களே, எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த புலவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் நிறைந்திருக்கும் ஆச்சிமார்களே, அப்பச்சிமார்களே, மகளிர் குழுச் சகோதரிகளே! எல்லோருக்கும் வணக்கம். ராவோடு ராவாகப் பந்தல் போட்ட இளைஞர் மன்றத்துத் தம்பிகளுக்கு என் வாழ்த்து. யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

“தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே.” எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை. இன்றைக்கு மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். ஊருணித் தண்ணீர் குடித்த காலம், குழாய் வந்த காலம், இனி ஊருணிக்குத் தண்ணீர் வரும் வழியை எப்படிக் காப்பது என்பது.

நம் செட்டிநாட்டுப் பக்கம் வற்றாத ஆறு கிடையாது. செம்மண்ணும் செம்புறாங்கல்லும்தான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைப் பிடித்து வைத்தால் உண்டு. அதைத் தெரிந்துதான் வீடு கட்டினார்கள். நான்கு பக்க ஓட்டுக் கூரையும் வீட்டு நடுவில் இருக்கும் வளவு முற்றத்துக்குச் சரிந்து வரும். முதல் மழையை ஓடவிட்டு, அடுத்த மழைக்கு அண்டா வாயில் வெள்ளை வேட்டியைக் கட்டித் தூம்புக்கு அடியில் வைப்பார்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர். நம் ஊர் வீடுகளின் கூரையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்! அண்டா நிறைந்தது போக மிச்சம் தெருவோடு வரத்துக்கால் என்ற வாய்க்காலில் சேர்ந்து ஊருணிக்குப் போகும். மழைநீர்ச் சேகரிப்பை எல்லா வீட்டுக்கும் அரசாங்கம் கட்டாயமாக்கியது 2003-இல். அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே நம் கொத்தனார்கள் கட்டி வைத்தது இது.

என் ஆச்சி சொன்ன ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆச்சி சின்னப் பெண்ணாக இருந்தபோது, பக்கத்து வீட்டில் கல்யாணம். மாப்பிள்ளை ரங்கூனில் கொண்டுவிற்று, அதாவது தொழில் செய்துவிட்டு வந்தவர். சரிகை வேட்டி, கையில் கெடிகாரம், காலில் பளபளவென்று பூட்ஸ். சாயங்காலம் காலாற நடந்தவர் ஊருணிப் படியில் இறங்கி, பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுக் காலை நனைக்கப் போனார். ஊருணிக் காவல்காரர் ஓடிவந்து கம்பைக் குறுக்கே நீட்டிவிட்டார். “மாப்பிள்ளை ஐயா, மேலே ஏறுங்க!” மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. நேரே போய்த் தன் அப்பச்சியிடம், அதாவது அப்பாவிடம் சொல்ல, மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார மாட்டோம் என்று எழுந்துவிட்டார்கள். இலை போட்டாகிவிட்டது, சாதம் ஆறுகிறது, பெண் வீட்டார் கையைப் பிசைகிறார்கள். அப்போது அந்த வீட்டுப் பெரிய ஆச்சி, தண்ணீர் தெளியத் தேத்தாங்கொட்டை உரசிய பானையிலிருந்து வெள்ளிச் செம்பில் தண்ணீர் மொண்டு வந்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். “குடிங்க ஐயா. நீங்க கால் வைக்கப் போனது இதிலதான். நாளைக்கு உங்க பிள்ளைக்குச் சங்குல புகட்டப் போறதும் இதைத்தான்.” மாப்பிள்ளை முழுச் செம்பையும் குடித்தார். விறுவிறுவென்று போய்க் காவல்காரர் கையைப் பிடித்து அழைத்துவந்து, பந்தியில் தன் பக்கத்தில் உட்கார வைத்தாராம்! தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்று வாழ்ந்த ஊர் ஐயா இது.

பிறகு குழாய் வந்தது. 1971-இல் குடிநீர் வடிகால் வாரியம் அமைந்தது. ஆழ்துளைக் கிணறு வந்தது, தெருக்குழாய் வந்தது. திருச்சிப் பக்கத்துக் காவிரித் தண்ணீர் புதுக்கோட்டை தாண்டி நம் சிவகங்கை மாவட்டத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் வருகிறது. இடுப்பில் குடம் சுமந்த பெண்களின் பாரம் இறங்கியது. இந்தப் புதுத் தொட்டிக்காகப் பாடுபட்ட தலைவரையும் பொறியாளரையும் நான் மனதாரக் கைகூப்பி வணங்குகிறேன்.

ஆனால் வழியில் எங்கோ குழாய் உடைந்தால், கரண்டு போனால், தொட்டி காலி. உடனே கேன் தண்ணீருக்கு ஓடுகிறோம். ஊருணி நிறைந்திருந்தால் சுற்றுக் கிணறுகளில் ஊற்று இருக்கும், ஆழ்துளைக் கிணற்றுக்கும் உயிர் இருக்கும். நம் ஊருணி ஏன் நிறையவில்லை? போன ஐப்பசியில் அடைமழை பெய்தும் மேலே இருக்கும் நான்கு படி நனையவில்லை. கோயில் தெற்கு வீதி முக்கில் இருக்கும் சிறுபாலத்துக்குள் குனிந்து பார்த்தேன். இளநீர்க் கூடு, சிமெண்டுச் சாக்கு, யாரோ வீடு இடித்துக் கொட்டிய செங்கல். அதற்கு அப்பால் வரத்துக்கால் மேலேயே ஒருவர் வாசல் திண்ணையை நீட்டிக் கட்டியிருக்கிறார். ஊருணியைத் தூர்வாரினோம் என்று படம் எடுத்துக்கொள்கிறோம். தண்ணீர் வரும் வழியை அடைத்து வைத்திருக்கிறோம். தண்ணீரைப் பழிப்பது வாயால் மட்டுமா?

தலைவர் அவர்களிடம் ஒரே விண்ணப்பம். நில எல்லையைக் காட்டும் புலப்படத்தை வைத்து வரத்துக்கால் முழுவதையும் சர்வேயரை விட்டு அளந்து எல்லைக் கல் நட வேண்டும். ஐப்பசி பிறப்பதற்குள் நடக்க வேண்டும். திண்ணை என் பங்காளி வீட்டுத் திண்ணையாக இருந்தாலும் எடுத்தாக வேண்டும். 

அளப்பதற்கு ஆணை வரும்வரை காத்திருக்காமல் சிறுபாலத்தை நாமே சுத்தம் செய்துவிடலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தெற்கு வீதி முக்கில் நிற்பேன். மண்வெட்டி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள், கடப்பாரை நான் கொண்டு வருகிறேன். மாட்டுவண்டியோ டிராக்டரோ ஒன்று கிடைத்தால் செங்கல்லை அள்ளிவிடலாம். நன்றி, வணக்கம்.