கள்ளத்தொண்டைக்கு ஒரு பாட்டு

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ரயில் ஓட்டியிருப்பீர்கள். எஞ்சின் நீங்கள்தான். புறப்படும்போது "கூ..." என்று ஒரு சத்தம் கொடுப்பீர்களே, அது நீங்கள் பேசுகிற குரலா? அண்டா உருட்டுகிற மாதிரி பேசுகிறவர்கூட அந்த ஒரு விநாடிக்குக் குயிலாகிவிடுவார். பாட்டில் அந்தக் குரலுக்கு ஃபால்செட்டோ என்று பெயர். நம்மூர் பாட்டு வாத்தியார்கள் கள்ளத்தொண்டை என்பார்கள், இல்லாவிட்டால் "ஃபால்ஸ் வாய்ஸ்" என்பார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்த வார்த்தையோடு தொடையில் ஒரு அடியும் சேர்த்துக் கொடுப்பார்.

பேர் வைத்த விதத்தைப் பாருங்கள். இத்தாலிக்காரர்கள் பொய் என்கிற சொல்லில் இருந்து அந்தப் பேரை எடுத்தார்கள். நாம் திருட்டுப் பட்டமே கட்டிவிட்டோம். ஜப்பானியர்கள் சொல்வது "உரகோயே". சட்டைத் துணிக்கு உள்பக்கம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, அது மாதிரி குரலின் உள்பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். இசையை மட்டும் ஓடவிட்டு நாமே பாடுகிற கரோக்கியும் அவர்கள் ஊர்ச் சரக்குதான். 1971-ல் கோபே நகரத்தில் இனோவே தைசுகே என்கிற இசைக்காரர், பாடுகிறவர் குரல் இல்லாத இசையை டேப்பில் ஏற்றி, காசு போட்டால் ஓடுகிற பெட்டி ஒன்றைச் செய்தார். காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார், பாவம்.

நான் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு சின்ன ஹாலில் பத்துப் பதினைந்து பேர் கூடிக் கரோக்கி பாடுகிறோம். அங்கே ஆண்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "சார், மேலே போனா குரல் உடையுது. எந்தப் பாட்டை எடுத்துப் பழகலாம்?" இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறேன்.

குரல் ஏன் உடைகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். தொண்டையில் குரல்நாண்கள் இரண்டு இருக்கின்றன. சாதாரணமாகப் பாடும்போது அவை தடிமனாக, முழுசாக அதிர்கின்றன. மேலே போகப் போக இழுபட்டு மெலிகின்றன. ஒரு கட்டத்துக்கு மேல் ஓரம் மட்டும்தான் அதிரும், நடுவில் கொஞ்சம் இடைவெளி விழும், அதன் வழியே காற்று கசியும். கள்ளத்தொண்டை காற்றோட்டமாகக் கேட்பது அதனால்தான். மூச்சு சீக்கிரம் தீர்ந்துபோவதும் அதனால்தான். ஆகவே பாட்டைத் தேடும்போது வரி எவ்வளவு நீளம் என்று பாருங்கள். நான்கைந்து சொல்லில் வரி முடிந்து, நடுவில் ஒரு வயலின் பிட்டோ புல்லாங்குழலோ வந்து மூச்சுவிட இடம் தருகிற பழைய பாட்டுகள் இதற்கு உத்தமம்.

அந்த உடைகிற இடம் எங்கே இருக்கிறது? ஒரு கட்டை சுருதியில், அதாவது ஆர்மோனியத்தின் C கட்டையை 'ச' என்று வைத்துப் பாடுகிற ஆணுக்கு, மேல் ஷட்ஜம் (மேல் 'ச') வரை பெரிய சிரமம் இருக்காது. அதற்கும் மேலே காந்தாரம் ('க'), மத்திமம் ('ம') பக்கம் போனால் கழுத்து நரம்பு புடைக்க ஆரம்பிக்கும். பெரும்பாலான ஆண் குரலுக்கு அதுதான் எல்லைக்கோடு. அதற்கு மேலேயும் நெஞ்சுக் குரலை, அதாவது வழக்கமான முழுக் குரலை, இழுத்துக்கொண்டு போனால் கத்தல்தான் மிஞ்சும்.

இப்போது கரோக்கி ஆப்பில் சுருதியை மாற்றுகிற கீ பொத்தானுக்கு வருகிறேன். ஒரு தட்டுத் தட்டினால் சுருதி ஒரு படி, அதாவது ஆர்மோனியத்தில் அடுத்த கட்டைக்கு, ஏறும் அல்லது இறங்கும்.

எங்கள் ஹாலில் அந்தப் பொத்தானை இறக்குவதற்கு மட்டும்தான் தொடுவார்கள். "ரெண்டு தட்டு கம்மி பண்ணுங்க சார், எட்டலை." மேடைக்கு அது சரி. கள்ளத்தொண்டை பழகுகிறவர் மட்டும் ஏற்ற வேண்டும். கேட்டால் விநோதமாகத்தான் இருக்கும். பாட்டின் மேல் வரி உங்கள் எல்லைக்கோட்டிலேயே ஊசலாடிக்கொண்டிருந்தால், பாதி ஸ்வரம் இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். தொண்டைக்கு எந்தக் கட்சி என்றே தெரியாது, பழக்கதோஷத்தில் கத்திவிடும். அதே வரியை மூன்று தட்டு மேலே தூக்கிவிட்டால் கத்தவே வழியில்லை. வேறு கதியில்லாமல் குரல் மெலிந்துகொண்டு மேலே போகும். முதல் சில வாரம் அப்படி ஒரேயடியாக மேல்பக்கமே இருங்கள், கோட்டைத் தாண்டவே வேண்டாம். பிறகு வாரம் ஒரு தட்டாக இறக்கிக்கொண்டே வாருங்கள். தாண்டுகிற இடம் தானாக வரிக்குள் வந்து சேரும்.

இதற்கு ஆண்கள் பாடிய பாட்டைவிடப் பெண்கள் பாடிய பாட்டுதான் எனக்குப் பிடிக்கும். அசல் சுருதியில், அசல் ஸ்தாயியில் ('ச'வில் இருந்து அடுத்த 'ச' வரை ஒரு ஸ்தாயி) பாட வேண்டும். ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடினால் பழக்கமாகாது. அதைவிட நல்லது டூயட். ஆண் பாடுகிற வரியைச் சொந்தக் குரலில் பாடுங்கள், பெண் வரியைக் கள்ளத்தொண்டையில் பாடுங்கள். ஒரே டிராக்கில் இரண்டு அறைக்கும் போய்வந்த மாதிரி ஆகும்.

பாட்டின் சொல்லும் முக்கியம். ரயில் ஓட்டியபோது ஏன் "கா" என்று கத்தாமல் "கூ" என்றோம்? ஊ, ஓ ஓசைகளில் குரல் சுலபமாக மெலியும். ஆ என்று வாயைத் திறந்ததும் நெஞ்சுக் குரல் முந்திக்கொண்டு வந்துவிடும். 1963-ல் வந்த 'குங்குமம்' படத்தில் டி.எம்.எஸ்ஸும் சுசீலாவும் பாடிய "தூங்காத கண்ணென்று ஒன்று" பாட்டை நான் முதல் பாடமாகக் கொடுப்பதற்குக் காரணம் அந்த "தூ"தான். நிதானமான பாட்டு, டூயட் வேறு. வரி தொடங்கும்போதே உதடு குவிந்துவிடுகிறது. 'பாவமன்னிப்பு' படத்தின் "அத்தான் என்னத்தான்" காதுக்குத் தேன். ஆனால் எடுத்த எடுப்பிலேயே "த்தா" என்று மெய்யெழுத்து ஒரு இடி இடித்து, உயிரெழுத்து அகலத் திறந்து நிற்கிறது. புதிதாகப் பழகுகிறவர் அங்கேயே விழுந்துவிடுவார். அந்தச் சமயத்தில் நான் சொல்வது, சொல்லை விட்டுவிட்டு முழுப் பாட்டையும் "லூ லூ" என்றோ "மூ மூ" என்றோ பாடுங்கள் என்பதுதான். பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்பது வேறு பிரச்சினை.

இங்கிலீஷ் பாட்டு பாடுகிற இளைஞர்கள் நேராக ஆஹா குழுவின் "டேக் ஆன் மீ"யில் போய் முட்டிக்கொள்கிறார்கள். நார்வேக்காரர் மார்ட்டன் ஹார்க்கெட் பாடி 1985-ல் உலகம் முழுக்க ஓடிய பாட்டு. பல்லவியில் குரல் அடியில் தொடங்கி, இரண்டரை ஸ்தாயிக்கும் மேல் படி ஏறி, உச்சியில் கள்ளத்தொண்டையில் போய் நிற்கும். படியேறி மூச்சு வாங்குகிறவனை மாடியில் நின்று பாடச் சொன்ன கதைதான். அதைக் கடைசிப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். பீ ஜீஸ் பாட்டுகள் பரவாயில்லை. பல இடங்களில் வரி முழுக்க மேலேயே நிற்கும். அந்தக் குழுவின் பாரி கிப், 1975-ல் மயாமியில் ஒலிப்பதிவு நடந்தபோது, தயாரிப்பாளர் கேட்டதற்காகப் பாட்டின் கடைசியில் உச்சஸ்தாயியில் சும்மா கத்திப் பார்த்தார். தனக்கு இப்படி ஒரு குரல் இருப்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. அப்போது வயது 28. நாற்பதில் பழக வருகிறவர்களுக்கு இதைத்தான் நான் சொல்லித் தைரியம் கொடுப்பது.

நம் சினிமாவில் இரண்டு குரலுக்கும் நடுவே விளையாடிக் காட்டியவர் தூத்துக்குடியில் பிறந்த ஜே.பி.சந்திரபாபு. யோடலிங் என்பது அதுதான். நாம் மறைக்கப் பார்க்கிற அந்த உடைசலை வேண்டுமென்றே, சடக் சடக்கென்று, தாளத்தோடு போடுவது. நாமெல்லாம் அதை நகைச்சுவை என்று சிரித்துவிட்டுப் போய்விட்டோம். தொண்டைக்கு அது சரியான பயிற்சி.

சிரிப்பு என்றதும் ஒருவர் ஞாபகம் வருகிறது. எங்கள் ஹாலுக்கு வருகிறவர், லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பத்து உச்சியில் இருந்து கீழே நிற்கிறவரிடம் பேசிப் பேசி உரத்துப்போன குரல். முதல் நாள் டூயட்டில் பெண் வரியை எடுத்ததும் ஹாலே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் நான் இரண்டு காரியம் செய்தேன். எக்கோவை முழுக்க எடுத்துவிட்டேன், அது இருந்தால் குரல் எங்கே உடைகிறது என்று பாடுகிறவருக்கே கேட்காது. மைக்கை உதட்டுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் பிடிக்கச் சொன்னேன். மெல்லிய குரலுக்குப் பலம் மைக்தான் தர வேண்டும், தொண்டை தரக்கூடாது. "அண்ணே, கம்பத்துல இருந்து கூப்பிடாதீங்க, காதுல ரகசியம் சொல்லுங்க" என்றேன். அன்றைக்கு இரண்டு வரி வந்தது. மூன்றாவது வரியில் இருமல் வந்ததும் நிறுத்திவிட்டோம். தொண்டை அரித்தால் அன்றைய கணக்கு முடிந்தது என்று அர்த்தம், வெந்நீர் குடித்துவிட்டுத் தொடரலாம் என்கிற பேச்சே கிடையாது.

நான்கு மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை டிராக் போடப் போனேன். "தம்பி, ஒரு தட்டு இறக்கு" என்றார். எட்டவில்லையா அண்ணே என்று கேட்டேன். "எட்டுது. கோட்டைத் தாண்டிப் பார்க்கணும்" என்றார். இறக்கினேன். "தூங்காத" என்கிற சொல்லின் "ங்காத"வில் லேசாக ஒரு விக்கல். யாரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் கையைக் காட்டி, முதலில் இருந்து போடச் சொன்னார்.

வணக்கம்.