திறமை முழுதாய் வெளிப்படுவது இரவுப் பணியிலேயே!

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் என் சக செவிலியர்களே, அவையோரே, வணக்கம்.

"வீடு தேடிச் செல்லும் சமூக செவிலியரின் திறமை முழுதாக வெளிப்படுவது பகல் பணியிலா, இரவுப் பணியிலா?" இதுதான் தலைப்பு. இரவுப் பணியில்தான் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவி சொன்னார்: பகலில்தான் வீடுகள் அதிகம், ஆறாத புண்ணுக்கு மாதக்கணக்கில் கட்டு மாற்றி ஆற்றிக் காட்டுவது பகல் செவிலியர்தான், இரவில் ஃபோன் வந்தால் போவார்கள், வராவிட்டால் காத்திருப்பார்கள் என்று. புண்ணைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். நானும் சில வருடங்கள் பகலில் ஓடியவள்தான், அந்தப் பொறுமையின் மதிப்பு எனக்குத் தெரியும். ஆனால் 'காத்திருப்பார்கள்' என்றாரே, அதை ஏற்க முடியவில்லை.

ஃபோன் வந்தால் என்ன நடக்கிறது? ஓர் இரவைச் சொல்கிறேன். மணி இரண்டைத் தாண்டியிருந்தது. "சிஸ்டர், யூரின் ட்யூப் அடைச்சுக்கிச்சு போல. பை காலியா இருக்கு. இவர் தலை வலிக்குதுங்கிறார்" என்றார் ஒரு மனைவி. கேட்பதற்குச் சின்ன விஷயம். காலையில் பார்க்கலாம் என்றுகூடத் தோன்றும். ஆனால் அந்த மனிதர் கழுத்தில் தண்டுவடம் அடிபட்டவர். மார்பு முதுகெலும்பின் ஆறாவது எலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு, சிறுநீர்ப்பை நிரம்பி முட்டினால் முட்டுவது தெரியாது. உடம்பு மட்டும் பதறும். அடிபட்ட இடத்துக்குக் கீழே ரத்தக் குழாய்கள் இறுகிக்கொள்ளும். தளரச் சொல்லி மூளை அனுப்பும் கட்டளை கீழே போய்ச் சேராது. ரத்த அழுத்தம் விறுவிறுவென்று ஏறும். அதன் மேல் அளவு வழக்கமாக 100 இருப்பவருக்கு 150 என்றாலே ஆபத்து. விட்டால் பக்கவாதம் வரலாம், உயிரும் போகலாம்.

ஃபோனில் அந்தத் 'தலைவலி' என்ற ஒரு சொல்லைப் பிடிக்க வேண்டும், நடுவர் அவர்களே. அங்கேயே வேலை தொடங்கிவிடுகிறது. "படுக்க விடாதீங்க, உடனே உட்கார வையுங்க. இடுப்பில் இறுக்கமாக எதுவும் இருந்தால் தளர்த்துங்க. குழாய் தொடைக்கு அடியில் மடங்கியிருக்கா பாருங்க. ஆம்புலன்ஸுக்கும் சொல்லிடுங்க." சொல்லிக்கொண்டே கிளம்பினேன். நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். முகம் சிவந்து வியர்வை வழிகிறது, கால்களோ வறண்டு சில்லென்று இருக்கின்றன. மனைவி டார்ச்சைப் பிடித்தார், கை நடுங்கியதில் வெளிச்சமும் நடுங்கியது. பழைய குழாயை எடுத்துப் புதியதைப் போட்டேன். பைக்குள் சிறுநீர் இறங்கத் தொடங்கிய அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ரத்த அழுத்தத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இறங்கியது. "தலைவலி விட்டுடுச்சு" என்றார் அவர்.

பகலிலும் குழாய் அடைக்கும்தான். ஆனால் பகலில் பக்கத்து வீதியில் இன்னொரு சிஸ்டர் இருப்பார், கேட்க மேலதிகாரி இருப்பார். இரவில் அந்த அறைக்குள் இருப்பவை என் பையும் என் யோசனையும்தான்.

இரவோடு சேரும் மாலைப் பணியை எதிரணி தொடவே இல்லை. இன்சுலின் போடுவதும் படுக்க வைப்பதும்தானே என்று விட்டிருக்கலாம். டிமென்ஷியா என்ற மறதி நோய் உள்ளவர்களில் பலருக்குப் பொழுது சாயும் நேரத்தில்தான் குழப்பம் கூடும். பகலில் போனவர், 'தெளிவாகப் பேசுகிறார்' என்று உண்மையைத்தான் எழுதியிருப்பார். மாலையில் அதே அம்மா தன் வீட்டு நடுவில் நின்று, "என்னை வீட்டில் கொண்டுபோய் விடு" என்று என் கையைப் பிடிப்பார். பகல் குறிப்பை மட்டும் படித்தால் அந்த அம்மாவின் பாதி நாள்தான் தெரியும்.

அப்புறம், மரணம். முறையான வீட்டுச் செவிலிப் பணியே ஒரு மரணப் படுக்கையில் தொடங்கியதுதான். 1859ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் வில்லியம் ராத்போன் என்ற வணிகரின் மனைவி இறக்கும் தறுவாயில் இருந்தபோது, மேரி ராபின்சன் என்ற செவிலியர் வீட்டிலேயே இருந்து கவனித்தார். அந்த ஆறுதலைக் கண்ட ராத்போன், ஏழைகளின் வீடுகளுக்கும் இது கிடைக்க வேண்டும் என்று அவரையே அந்த வேலைக்கு அமர்த்தினார்.

இன்று அந்தப் படுக்கையருகில் ஒரு சிரிஞ்ச் டிரைவர் இருக்கும். 24 மணி நேரத்துக்கான மருந்தைத் தோலுக்கடியில் துளித்துளியாகச் செலுத்தும் சிறு கருவி. அதையும் மீறி வலி வரும்போது மார்ஃபின் போட வேண்டும். வார்டில் என்றால் இரண்டு பேர் சரிபார்ப்பார்கள். வீட்டில் அநேகமாக நான் ஒருத்திதான். குப்பியின் மேல் எழுதியிருப்பதை வாய்விட்டுப் படிப்பேன், மீதிக் குப்பிகளை எண்ணி எழுதுவேன். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். "அப்பா மூச்சுத் திணறுறாரா சிஸ்டர்?" என்று மகள் கேட்பாள். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, "விழுங்க முடியாமல் சளி தேங்குகிற சத்தம் இது. நமக்குக் கேட்கிற அளவுக்கு அவருக்குத் தெரியாதும்மா" என்று சொல்ல வேண்டும். எந்த நேரத்தில், எந்தக் குரலில் சொல்வது என்பது எந்த வகுப்பிலும் முழுதாக வராது.

கடைசியாக எதிரணியில் ஒருவர் கேட்டார்: "இரவு உடம்பைக் கெடுக்கிறதே, கெட்ட உடம்பில் திறமை எங்கிருந்து வரும்?" நியாயமான கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இரவு ஷிஃப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பட்டியலில் 2007ல் வைத்தது, 2019ல் அதையே மறுபடி உறுதிசெய்தது. விடியலுக்கு முந்தைய மணிகளில் உடல் வெப்பம் அடிமட்டத்துக்கு இறங்கும், கவனமும் கூடவே இறங்கும். எனக்கும் இறங்குகிறது. அதனால்தான் தனியாக இருந்தாலும் குப்பியை வாய்விட்டுப் படிக்கிறேன். மனம் தளரும் நேரத்திலும் கை தவறாதபடி பழக்கி வைத்திருக்கிறேனே, அதைத் திறமை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? அந்த விலையை நாங்கள் கொடுப்பதால், ஓய்வுக்கும் துணைக்கும் கூடுதலாகக் கேட்கும் உரிமையும் எங்களுக்கு உண்டு.

மணி அடித்துவிட்டது, ஒரு நிமிடம் தாருங்கள். அண்மையில் பகல் செவிலியருக்கு நான் எழுதி வைத்த குறிப்பைச் சொல்லி அமர்கிறேன். "4.40க்கு அமைதியாக இறந்தார். மகள் பக்கத்தில் இருந்தார். மகன் பயணத்தில் இருக்கிறார், 8 மணிக்கு வந்து சேர்வார். மகள் இரண்டு இரவாகத் தூங்கவில்லை. அவர் தனியாக இருக்கும்படி விடாமல், முதலில் இந்த வீட்டுக்குப் போங்கள்."