தோள் ஜவ்வும் ஸ்கேன் படமும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பரணில் இருக்கிற பாத்திரத்தை எடுக்க முடியவில்லை, வலிக்கிற பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை என்று வருகிறவர்கள் பெரும்பாலும் எக்ஸ்ரே படத்தோடுதான் வருவார்கள். "எலும்பு நல்லா இருக்குன்னுட்டாங்க டாக்டர், வலிதான் போகல." எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். அதைப் பிடித்திருக்கிற தசைநாண், ஜவ்வு என்கிறோமே, அது தெரியாது. தோளில் நான்கு தசைகளின் நாண்கள் இருக்கின்றன. அதிகம் கிழிவது மேல்பக்கத்து நாண்தான்.

அதைப் பார்க்க எனக்குப் பிடித்த வழி அல்ட்ராசவுண்ட். வயிற்றுக்கு எடுக்கிற அதே ஸ்கேன்தான். ஸ்டூலில் உட்காரவைத்து, "பேண்ட் பின்பாக்கெட்டில் கை விடுவதுபோல வையுங்கள்" என்பேன். எலும்புக்கு அடியில் ஒளிந்திருந்த நாண் அப்போது முன்னால் வரும். ஸ்கேன் கருவி கொஞ்சம் சாய்ந்தாலும் நல்ல நாணே கறுப்பாகத் தெரியும். நேராகப் பிடித்தால் அந்தக் கறுப்பு போய்விடும். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் போகாமல் நிற்கிறதே, அந்தக் கறுப்பைத்தான் கிழிசல் என்று சந்தேகிக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், கையை அசைக்கச் சொல்லி, பொறுமையாகப் பார்க்க வேண்டிய ஸ்கேன் இது.

பெயிண்டர் ஒருவர் வந்தார். வலி வலது தோளில். நான் எப்போதும் இரண்டு தோளையும் பார்ப்பேன். வலதில் சின்னக் கிழிசல். வலியே இல்லாத இடதில் அதைவிடப் பெரியது! "இந்தக் கையிலதான் சார் வாளியே தூக்குறேன்" என்றார், நம்பாமல். நம்பத்தான் வேண்டும். 1995இல் வெளியான ஓர் ஆய்வில், தோளில் எந்தத் தொந்தரவும் இல்லாத 96 பேருக்கு எம்.ஆர்.ஐ., அதாவது காந்தத்தால் எடுக்கிற ஸ்கேன், எடுத்துப் பார்த்தார்கள். 60 வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு மேல் கிழிசல் இருந்தது. வயதாக ஆக நாண் நைந்துபோகிறது.

ஆகவே ரிப்போர்ட்டில் 'கிழிசல்' என்று இருந்தாலே ஆபரேஷன் என்று பயப்படாதீர்கள். முதலில் மருத்துவர் தோளைத் தொட்டுப் பார்க்கட்டும். நீங்களாகத் தூக்க முடியாத கையை அவர் தூக்கினால் போகிறதா? அப்படியானால் கிழிசலாக இருக்கலாம். அவர் தூக்கினாலும் போகவில்லையா? தோள் இறுகியிருக்கலாம், சர்க்கரை நோயாளிகளுக்கு இது அதிகம். படம் அதற்குப் பிறகுதான். திரும்பவும் சொல்கிறேன், படம் அதற்குப் பிறகுதான்.

நேரம் ஆகிவிட்டதாகச் சைகை காட்டுகிறார்கள். எம்.ஆர்.ஐ. பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீழே விழுந்த பிறகு கை தூக்க வரவில்லையென்றால் தள்ளிப்போடாதீர்கள். நாள்பட்டால் தசை சுருங்கிக் கொழுப்பு ஏறிவிடும். பிறகு தைத்தாலும் பிடிப்பது கடினம். தசையின் அந்த நிலையை எம்.ஆர்.ஐ. நன்றாகக் காட்டும். அது காந்தம் என்பதால், இதயத்துக்குப் பேஸ்மேக்கர் கருவி வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய படங்கள் இருந்தால் தவறாமல் எடுத்துப் போங்கள். நன்றி, வணக்கம்.