97 வீதம் சரியாம், தவறவிட்ட பிள்ளைகள் எத்தனை?

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்து கதைக்கிறேன், பின்னால் வாகனச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கம்பஸில் இறுதி வருடம் படிக்கிற தம்பி தங்கச்சிமார் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள், மெஷின் லேர்னிங்கில், அதாவது பழைய தரவைக் காட்டிக் கணினியை ஊகிக்கப் பழக்குகிற முறையில், புரொஜெக்ட் செய்ய வேணும், சைபர் பாதுகாப்பை எடுக்கவா, பிள்ளைகளின் சுகாதாரத்தை எடுக்கவா என்று. எதை எடுத்தாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் முட்டுவீர்கள்.

இரண்டிலும் நாங்கள் தேடுவது அபூர்வமாக நடக்கிற ஒன்றை. ஆயிரம் பிள்ளைகளில் முப்பது பேருக்கு வளர்ச்சி பின்தங்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுமே படிக்காத ஒரு மாடல், அதாவது ஊகம் சொல்கிற கணினி நிரல், "எல்லாரும் நல்ல சுகம்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் 97 வீதம் சரி! அதை ஸ்லைடில் பெரிதாகப் போட்டுக் கைதட்டலும் வாங்கலாம். ஆனால் அந்த முப்பது பிள்ளைகளில் ஒன்றைக்கூட அது பிடிக்கவில்லையே.

வலையமைப்பில் இதே கதை மற்றப் பக்கத்தால் வரும். பத்து லட்சம் இணைப்புகளில் பத்துத்தான் தாக்குதல் என்றால், நூற்றில் ஒன்றுக்கு மட்டும் பிழையாக மணி அடிக்கிற கருவிகூடக் கிட்டத்தட்ட பத்தாயிரம் தடவை சும்மா அடிக்கும். ஓலை அசைந்தாலும் குரைக்கிற நாயை யார் எழும்பிப் பார்ப்பது? உண்மையான கள்ளன் வரும்போது அந்த மணியை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கே.டி.டி. கப் 99 என்கிற பழைய வலைத் தாக்குதல் தரவை இறக்கி 99 வீதம் சரி என்று காட்டுகிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். அது 1998இல் அமெரிக்காவில் ஆய்வுக்கென்று உருவாக்கிய வலைப் போக்குவரத்தில் இருந்து வந்தது. அதில் பெரும்பாலான பதிவுகள் தாக்குதல்தான், எந்த அலுவலக வலையமைப்பு அப்படி இருக்கும்? ஒரே பதிவு திரும்பத் திரும்ப வேறு வரும், அதனால்தான் 2009இல் அதைத் துப்புரவாக்கி என்.எஸ்.எல். கே.டி.டி. என்று வெளியிட்டார்கள்.

சரி, இப்போது இதைப் பாருங்கள். கமராவுக்குக் கிட்டக் காட்டுகிறேன், பெயரை மறைத்திருக்கிறேன். பிள்ளையின் நிறையை மாதாமாதம் பதிய கிளினிக்கில் தருகிற நீலக் கார்ட், ஆண் பிள்ளையுடையது, பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு. தாயிடம் கேட்டுத்தான் வாங்கி வந்தேன். ஒவ்வொரு முறையும் நிறுத்துப் பார்த்துவிட்டு மிட்வைஃப் அக்கா பேனையால் வைத்த புள்ளிகள் இவை. ஐந்தாம் மாதம் வரை வடிவாக ஏறுகிறது. ஆறில் இருந்து எட்டு வரை அப்படியே கிடையாகப் படுத்துக் கிடக்கிறது, கவனியுங்கள், புள்ளி இன்னும் பச்சைப் பகுதிக்குள்தான். கடைசி நிறையை மட்டும் மாடலுக்குக் கொடுத்தால் "பிரச்சினை இல்லை" என்றுதான் சொல்லும். கோடு படுத்துவிட்டது என்பதை அக்கா ஒரு பார்வையிலேயே கண்டுபிடிப்பார். கோடு எவ்வளவு ஏறுகிறது என்பதை நீங்கள் ஒரு தனி அம்சமாகக் கணித்துக் கொடுக்காவிட்டால் மாடலுக்கு அது எப்படித் தெரியும்?

அப்புறம் இந்த இடைவெளி. ஒன்பதாம், பத்தாம் மாதத்தில் புள்ளியே இல்லை. பலர் இந்த இடத்தில் சராசரியை எடுத்து நிரப்பிவிடுவார்கள். ஐயோ, செய்யாதீர்கள்! பிள்ளைக்குச் சுகமில்லாமல் இருந்திருக்கலாம், குடும்பம் இடம் மாறியிருக்கலாம், நெடுந்தீவுப் பக்கம் என்றால் கடல் கொந்தளித்துப் படகு ஓடாமல் இருந்திருக்கலாம். வராமல் போனதே ஒரு தகவல். சேர்வர் பதிவுகளிலும் இதுதான்: நள்ளிரவில் அரை மணித்தியாலப் பதிவு காணாமல் போயிருந்தால், உள்ளே வந்தவன் தன் தடத்தை அழித்துவிட்டுப் போயிருக்கலாம். நிரப்பினால் அந்தச் சாட்சியை நீங்களே அழிக்கிறீர்கள்.

சரியாகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 1,500 கிராமுக்கும் குறைந்த நிறையோடு பிறந்த குழந்தைகளின் இதயத் துடிப்பு மாறுகிற விதத்தை வைத்து, கிருமித் தொற்று வெளியே தெரிவதற்கு முன்பே எச்சரிக்கிற ஒரு கணிப்பு. அமெரிக்காவில் 3,003 குழந்தைகளிடம் பரிசோதித்து 2011இல் வெளியிட்டார்கள். கணிப்பை வைத்தியர்களுக்குக் காட்டாத பிரிவில் இறப்பு 10.2 வீதம், காட்டிய பிரிவில் 8.1. உள்ளே இருந்த மாடல் பெரிய செயற்கை நரம்பு வலைப்பின்னல் ஒன்றுமில்லை, லொஜிஸ்டிக் ரிகிரஷன் என்கிற எளிய புள்ளிவிபர முறைதான். எத்தனை வீதம் சரி என்பதோடு அவர்கள் நிற்கவில்லை, எத்தனை குழந்தைகள் பிழைத்தன என்று பார்த்தார்கள். அந்தக் கேள்வியைத்தான் உங்கள் அறிக்கையிலும் பார்க்க ஆசைப்படுகிறேன்: எத்தனையைத் தவறவிட்டது, எத்தனை தடவை வீணாக அடித்தது, அடித்தபிறகு அந்த வீட்டுக்குச் சைக்கிளில் போகப்போவது யார்?

இரண்டு தலைப்பும் ஒன்று சேருகிற இடம், நீங்கள் சேர்க்கிற தரவு. 2018இல் சிங்கப்பூரில் பதினைந்து லட்சம் நோயாளர்களின் விபரம் களவு போனது. எங்கள் நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவையும் பிள்ளைகள் பற்றிய தரவையும் விசேட வகையில்தான் வைத்திருக்கிறது. பெயரை மட்டும் அழித்துவிட்டால் போதாது. பிறந்த திகதியும் கிராம சேவையாளர் பிரிவும் சேர்ந்து இருந்தால், தீவுப் பகுதி மாதிரிச் சின்ன ஊரில் அது யாருடைய பிள்ளை என்று எல்லோருக்கும் விளங்கிவிடும். திகதியை அழித்து வயதை மாதக் கணக்கில் போடுங்கள், கிராமப் பிரிவுக்குப் பதிலாக சுகாதார வைத்திய அதிகாரி பிரிவைப் போடுங்கள், அனுமதிக் கடிதத்தைக் கையில் வாங்குங்கள், அதுக்குப் பிறகு லப்டொப்பில் ஏற்றுங்கள்.