145 ஆசனம் மூன்றான கதை

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, இளையோரே, வணக்கம்.

2020 ஓகஸ்ட் தேர்தலில் ராஜபக்சக்களின் பொதுஜன பெரமுன இலங்கை நாடாளுமன்றத்தில் பிடித்த ஆசனங்கள் 145. 2024 நவம்பரில் அதே மொட்டுக் கட்சிக்கு மிஞ்சியவை மூன்று. ஏன் என்று கேட்டால், 2022 ஜூலையில் ஜனாதிபதி மாளிகை நீச்சல் குளத்தில் சனம் குதித்த படத்தைக் காட்டுவார்கள். அது கடைசிக் காட்சி. சரிவு 2019 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது.

69 இலட்சம் வாக்கு வாங்கி ஜனாதிபதியாக வந்த கையோடு கோட்டாபய ராஜபக்ச வற் வரியை, அதாவது பெறுமதி சேர் வரியை, 15 சதவீதத்திலிருந்து எட்டாகக் குறைத்தார். வரியைக் குறைத்தால் யார்தான் கைதட்ட மாட்டார்! திறைசேரி காய்ந்துகொண்டு போனதை யார் பார்த்தது? பிறகு கொரோனா வந்தது, சுற்றுலாப் பணம் நின்றது. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை. விவசாயியிடம் ஒரு சொல் கேட்கவில்லை. நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் பெரும்போக நெல் விதைப்புக் காலம் தொடங்கிவிட்டது. யாருக்காகத் தேரை இழுத்தார்களோ அந்தத் தேரே தங்கள் வயலில் ஏறியதைத் தெற்கின் விவசாயிகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசே அறிவித்தது.

இனி மீட்சிக்கு வருவோம். பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 70 சதவீதத்தைத் தொட்டது, ஒரு வருடத்தில் 1.3 ஆக இறங்கியது என்கிறார்கள். உண்மைதான். ஆனால் ஏறுவதுதான் நின்றது. ஏறின விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. மண்ணெண்ணெயை எடுங்கள். 2022 ஓகஸ்டில் ஒரே அறிவிப்பில் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. எங்கள் கரையோரத்துச் சின்னப் படகுகள் அதில்தான் ஓடுகின்றன. ஒரு நாள் தொழிலுக்கு இருபது லீட்டர் என்று வையுங்கள்: 1,740 ரூபாய்ச் செலவு அன்று 6,800 ஆனது. வலையில் விழும் மீன் அதற்காகக் கூடுமா? 2024 ஜனவரியில் வற் வரி 18. குறைத்துப் பேர் வாங்கியவர் ஒருவர், கூட்டினதைக் கட்டுபவர் இன்னொருவர். 2019இல் யாழ்ப்பாணத்தில் கோட்டாபயவுக்கு விழுந்தது பத்தில் ஒரு வாக்குக்கும் குறைவு. பில் மட்டும் எங்கள் வீட்டுக்கும் ஒழுங்காக வந்தது.

பொருளாதாரத்தைச் சீரழித்துப் பொது நம்பிக்கையை மீறினார்கள் என்று ராஜபக்ச சகோதரர்கள் உள்ளிட்டோர் மீது உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது. நல்ல தீர்ப்பு. அதற்காக ஒருவரும் சிறைக்குப் போகவில்லை.

அடுத்த வருடம் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்று, ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தியின் சின்னமான திசைகாட்டிக்குப் போனது. இதை அநுர அலை என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனமில்லை. எங்கள் தமிழ்க் கட்சிகள் மேல் சனத்துக்கு இருந்த சலிப்பும் அதற்குள் இருக்கிறது. மேடையில் இருப்பவர்கள் கோபிக்கக் கூடாது. தள்ளிப்போட்ட கடன்களைப் புதிய அரசு 2028இலிருந்து திருப்பிக் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு வாக்குக் கேட்டு வருகிறவர்கள் "வரியைக் குறைப்போம்" என்று மறுபடி சொல்வார்களா, சொன்னால் நாங்கள் மறுபடி கைதட்டுவோமா என்பதைத்தான் நான் பார்க்கக் காத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.